கேமரா பார்க்கும் பாதி வீடு

கேமராவின் தலை சுஹாவின் கையில் இருந்தது. உடம்பு ஷோகேஸ் உச்சியில் இருந்தது. இரண்டையும் பிரியவிடாமல் ஒற்றை வயர் மட்டும் நடுவில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"செத்துருச்சா புள்ள?" என்று கேட்டாள் கவிப்ரியா.

"செத்திருந்தாத்தான் நிம்மதியா இருக்குமே. உசுரோட இருக்கு. இந்தா பாரு, லைட்டு எரியுது."

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்த நிமிஷம் சவுதியில், தம்மாமில் இருக்கிற அத்தா தன் போனில் ஆப்பைத் திறந்தால், மகளின் உள்ளங்கை ரேகை திரை முழுக்கத் தெரியும்.

"கையெடுத்துராத. எடுத்தா ஒன் மூஞ்சி தெரியும்."

"எடுக்காட்டி சந்தேகம் வரும்டி."

"ரேகைய வச்சு ஆளக் கண்டுபுடிச்சிருவாகளா?"

"கவி, செத்த நேரம் வாய மூடு."

மணி ஐந்தே கால். அத்தாவுக்கு டூட்டி முடிவது நம்மூர் நேரத்துக்கு ஆறரை. முடிந்ததும் முதல் வேலையாக வீட்டைப் பார்ப்பார், அப்புறம் போன் போடுவார். வியாழக்கிழமை குர்ஆன் ஓதலுக்கு பாம்பன் போயிருக்கிற அம்மா ஆறு மணிக்குத் திரும்பிவிடுவாள்.

இந்தக் கேமரா வந்த கதையைச் சொல்ல வேண்டும். அத்தா ஹாஜா முகைதீன் போன வருஷம் லீவில் வந்தபோது பெட்டியில் சோப்புக்கும் போர்வைக்கும் நடுவே இதைக் கொண்டுவந்தார். கோழிமுட்டை அளவு தலை. பாதி வட்டத்துக்கு இங்கும் அங்கும் திரும்பும். அவரே ஷோகேஸ் மேல் மாட்டினார். மாட்டிவிட்டு, "இதுல படம் மட்டுந்தான் வரும், சத்தமெல்லாம் வராது. என்னமும் சொல்லணும்னா கையக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அன்றைக்கே அக்காள்மடத்தில் அந்த வீடு இரண்டாகப் பிரிந்தது. கேமரா பார்க்கும் பாதி, கேமரா பார்க்காத பாதி. பார்க்கும் பாதியில் புது உறை போட்ட சோபா, பூப்போட்ட விரிப்பு, தொழுகைப் பாய், சுஹாவின் புத்தகங்கள். பார்க்காத பாதியில் மடிக்காத துணி, கால் உடைந்த கட்டில், ஒழுகுகிற வாளி, அப்புறம் அம்மாவின் நைட்டி மூட்டைகள். மதுரையில் மொத்தமாக எடுத்துவந்து தெருப் பெண்களுக்கு விற்கிறாள். அத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தால், நம்ம வீட்டுப் பொம்பளைக யாவாரம் பண்ணணும்னு என்ன தலையெழுத்து என்று குதிப்பார்.

அம்மாவின் பெயர் ரம்ஜான் பீவி. அவளுக்குக் கேமராவின் எல்லை அங்குலம் சுத்தமாகத் தெரியும். எல்லையைத் தாண்டி உள்ளே கால் வைத்தவுடன் முக்காடு சரியாகும், கை நெற்றிக்குப் போகும், முகம் மலரும். அந்த மலர்ச்சி குறையாமலே வாய் மட்டும் தனியாக வேலை பார்க்கும்.

"வந்துட்டேன்யா தொர, கண்ணு நெறையாப் பாத்துக்கங்க. கிரைண்டர் இல்லாம ரெண்டு வருசமா அல்லாடுறேன். அதுக்கு வக்கில்ல, கேமரா வாங்கி மாட்டிட்டாக, கேமரா."

படத்தில் பார்க்கிறவருக்கு அன்பே உருவான மனைவி. மீன் வாங்கினால் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். எத்தனை கிலோ என்று விரல் காட்டுவாள். விரலைக் காட்டிக்கொண்டே, "ஒங்களுக்கு அங்கன குப்பூஸ் ரொட்டிதான், நாங்க திங்கிறோம்" என்பாள்.

சுஹாவின் பிழைப்பு இன்னும் மோசம். பிளஸ் டூ முடித்துவிட்டாள். மதுரையில் ஒரு காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் பாரத்தில் அத்தா கையெழுத்துப் போட வேண்டும். நகல் ஆகாது, அசல் கையெழுத்துதான் வேண்டும் என்று சொல்லிவிட்டதால், தம்மாம் போன ஒருவர் கையில் பாரத்தைக் கொடுத்தனுப்பி நாற்பது நாள் ஆகிறது. அத்தா போனில் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"வீட்டுல எப்படி இருக்கன்னு பாத்துட்டுப் போடுறேன்."

பார்த்துவிட்டு! எப்போது பார்ப்பார், எவ்வளவு நேரம் பார்ப்பார், யாருக்குத் தெரியும்? அதனால் நாற்பது நாளாக சுஹா எல்லா நேரமும் பார்க்கப்படுகிறவளாகவே வாழ்ந்தாள். கேமராவுக்கு முன்னால் கொட்டாவி விட்டதில்லை. காலை நீட்டியதில்லை. பரீட்சையே முடிந்துபோன கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள். ஒரு கட்டத்தில் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துக்கூட சலாம் வைத்தாள்.

அவளுக்கு மூச்சு விட இருந்தது வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான். அம்மா ஓதலுக்குப் போனதும் கவிப்ரியா வந்துவிடுவாள். பக்கத்து வீடுதான். மோட்டார் ரிப்பேர் பார்க்கிற அய்யாவோடு கடலாடியிலிருந்து குடிவந்தவள். சுஹா அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துக் கேமராவின் தலையில் போட்டு மூடுவாள். வியாழக்கிழமை ஒட்டடை அடிக்கிற நாள், கேமராவில் தூசி விழக் கூடாது என்று அத்தாவிடம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாள். அவரும், "ஆமாமா, வாரா வாரம் அடி. விட்டுறாத" என்று ரொம்ப அக்கறையாகச் சொல்லியிருந்தார்.

மூடியதும் சுஹா வேறு ஆளாகிவிடுவாள். எல்லோரையும் போலப் பேசிக் காட்டுவாள். மீன்காரம்மா வெள்ளையம்மாள் விலை சொல்வது, காலிதா மாமி சீர்வரிசையில் குறை கண்டுபிடிப்பது, பாலத்தில் பஸ் நின்றுபோனால் கண்டக்டர் சமாதானம் சொல்வது. எல்லாவற்றிலும் உச்சம், அத்தா. அத்தா போனில் "ஹலோ… ஹலோ… கேக்குதா?" என்று பத்து தடவை கேட்டுவிட்டு, கேட்கிறது என்று சொன்னதும் வைத்துவிடுவது. கவிப்ரியா தரையில் உருண்டு சிரிப்பாள். அவளைத் தவிர இதைப் பார்த்த ஆள் உலகத்தில் கிடையாது.

இன்றைக்கு சுஹா காட்டிய அத்தா மதுரை விமான நிலையத்தில் இறங்கி, டாக்ஸிக்காரரிடம் சவுதி வெயிலைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். பேச்சு வேகத்தில் சுஹா கையை வீசினாள். கை ஸ்டாண்டு ஃபேனில் பட்டது. ஃபேன் ஷோகேஸ் பக்கம் திரும்பியது. துப்பட்டியின் நுனி உள்ளே போனது. அப்புறம் நடந்ததுதான் முதல் வரியில் இருக்கிறது.

"எங்க அய்யாட்ட எம்-சீல் இருக்கு," என்றாள் கவிப்ரியா. "தண்ணித் தொட்டியவே ஒட்டுது, இந்தத் தலைய ஒட்டாதா?"

ஓடிப்போய் எடுத்துவந்தாள். இருவரும் மாவு மாதிரிப் பிசைந்து கழுத்தில் அப்பினார்கள். சுஹா ஸ்டூலில் ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை ஒரு துணியால் பொத்தியபடியே தலையை உட்கார வைத்தாள்.

"நேரா இருக்கா?"

"கொஞ்சம் வலது."

"யாருக்கு வலது? எனக்கா, கேமராவுக்கா?"

"எனக்கு வலது!"

பத்து நிமிஷம் அசையாமல் பிடித்திருந்தார்கள். எம்-சீல் கல்லாக இறுகியது. துணியை எடுத்துவிட்டு சுஹா ஸ்டூலின் பின்னால் குனிந்தாள். கவிப்ரியா கேமராவைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், மறுபடி கேமராவைப் பார்த்தாள்.

"ஏ புள்ள… அது கட்டிலப் பாக்குது."

கேமரா பார்க்காத பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மடிக்காத துணியை, ஒழுகுகிற வாளியை, நைட்டி மூட்டைகளை, ஒளிவுமறைவில்லாமல். சுஹா பாய்ந்து துணியை மறுபடி மேலே போட்டாள். பிறகு தலையைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. கவிப்ரியாவின் அய்யா ஒட்டினால்கூட இவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்காது.

மணி ஐந்தே முக்கால்.

"தலையத் திருப்ப முடியாட்டி என்ன? வீட்டத் திருப்பிருவோம்," என்றாள் கவிப்ரியா.

அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இருவரும் துணிகளை அள்ளினார்கள், வாளியைத் தூக்கினார்கள், நைட்டி மூட்டைகளை உருட்டினார்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். சோபாவை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். சோபா வந்தது. சோபாவோடு ஒரு வயரும் வந்தது. வயரோடு வைஃபை பெட்டியும் வந்து தரையில் விழுந்தது.

கேமராவின் பச்சை விளக்கு சிவப்பானது.

போன தடவை கரண்ட்டு போய்ப் பத்து நிமிஷம் கேமரா அணைந்ததற்கே அத்தா, வீட்டில் என்னமோ ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் போன் போட்டார். சாயல்குடி சதக்கத்துல்லா மாமு ஒரு வேன் நிறைய ஆட்களோடு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தயாராக வந்து இறங்கினார். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா பரோட்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

"மாட்டு, மாட்டு! ஏ, அந்த ஓட்டையில இல்ல, இந்த ஓட்டையில!"

மாட்டினார்கள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு… பச்சை. சுஹா துணியை உருவினாள். சோபாவும் விரிப்பும் பாயும் புத்தகமும் கேமராவின் முன்னே லட்சணமாக இருந்தன. இருவரும் தரையில் மல்லாந்து விழப்போன நேரம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அம்மா உள்ளே வந்தாள். எல்லைக்கு வந்ததும் முக்காட்டைச் சரிசெய்தாள். நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். முகம் மலர, "வந்துட்டேன்யா மவராசா. ஓதல் வீட்டுல சீரணி இனிப்பு நல்லாருந்துச்சு, ஒங்களுக்குக் குடுத்து வைக்கல" என்று சலாம் வைத்தாள்.

வைத்தது நைட்டி மூட்டைக்கு.

அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். சோபா அங்கே இருந்தது. கேமராவும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது? வீடு ஏன் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?"

சுஹா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அத்தா மாதிரிப் பேசிக் காட்டியதை மட்டும் சொல்லவில்லை. ஒட்டடை அடிக்கும்போது உடைந்துவிட்டது என்றாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா கேட்டது வேறு.

"நைட்டிய அது பாத்துச்சா?"

"இல்லம்மா. ஒடனே துணியப் போட்டு மூடிட்டேன்."

"அப்ப சரி. கவி, அந்த விரிப்ப இன்னும் கொஞ்சம் இழும்மா. ஓரத்துல கறை தெரியுது."

அம்மாவும் கட்சி மாறிவிட்டாள். அதில்தான் சுஹாவின் பயம் இன்னும் கூடியது. குற்றவாளி ஒருத்தியாக இருந்தால் ஒரு கதை போதும். மூன்று பேர் என்றால் மூன்று கதையும் ஒத்துப்போக வேண்டுமே!

சரியாக ஆறரைக்குப் போன் வந்தது. வீடியோ கால். அத்தாவின் முகம். பின்னால் இரண்டடுக்குக் கட்டில்களும் தொங்குகிற லுங்கிகளும்.

"சுஹா, சோபா ஏன் மேக்குப் பக்கம் போயிருச்சு?"

"காத்துக்கு அத்தா."

"காத்துக்கா?"

அத்தாவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஒருவர் இல்லை, நாலைந்து பேர். அங்கே சளி பரவியிருக்கிறது போல.

"கேமரா திரும்பவே மாட்டேங்குதே, என்னாச்சு?"

"அதுக்கு… கழுத்துப் புடிச்சிருக்கும் அத்தா," என்று வாய் உளறிவிட்டது. அம்மா பக்கத்திலிருந்து தொடையில் கிள்ளினாள். இருமல் இன்னும் பலமாகக் கேட்டது.

"சரி சரி. ஒட்டடையெல்லாம் அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு அத்தா."

"பாதியிலயே நிப்பாட்டிட்டியோன்னு நெனச்சேன்." அத்தா ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஹாஸ்டல் விசயம் போன்ல வேணாம். எங்க ரூம் யோகேஸ்வரன் லீவுல வாரான். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வருவான். பாரத்த அவன்ட்டக் குடுத்துருக்கேன். அவன் சொல்றதக் கேட்டுக்க."

"கையெழுத்து அத்தா…"

"ஹலோ… ஹலோ… கேக்குதா?"

"கேக்குது அத்தா."

வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க சுஹா சாப்பிடவில்லை. போனில் சொல்ல முடியாத விஷயம் என்றால் என்ன? நேரில் ஆளனுப்பிச் சொல்கிற விஷயம் என்றால் என்ன? ஊரில் அப்படிச் சொல்லி அனுப்பப்படுவது இரண்டுதான். ஒன்று சாவு, இன்னொன்று சம்பந்தம்.

"சம்பந்தமா இருந்தா அந்த ஆளே மாப்ளயா இருப்பானோ?" என்றாள் கவிப்ரியா.

"அவருக்கு அம்பது வயசுடி! அதுவும் ஒங்க ஆளுக!"

"அப்பச் சாவுதான்."

சனிக்கிழமை காலையில் சுஹா ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது. போனில் சொன்னால் அழுதுவிடுவாள். கேமராவில் சொல்லலாம். ஒரு சார்ட் அட்டையைத் தேடி எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினாள். 'அத்தா, கழுத்தை உடைத்தது நான்தான். நான் ஒட்டடை அடிக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள். மதுரைக்கு அனுப்புங்கள்.' கேமராவுக்கு முன்னால் போய் நின்று, அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நூறு வரை எண்ணினாள்.

எழுபதில் அம்மாவின் அலறல் கேட்டது.

"அடிப்பாவி! எந்தப் பக்கத்தடி காட்டுற?"

கண்ணைத் திறந்து அட்டையைத் திருப்பினாள். மறுபக்கத்தில் அம்மாவின் கையெழுத்து, சிவப்பு மையில், பூ எல்லாம் போட்டு: 'இங்கே நைட்டி கிடைக்கும். எல்லா சைஸும் உண்டு. உள்ளே வரவும்.'

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. ஒனக்கு ஹாஸ்டலும் போச்சு, எனக்கு யாவாரமும் போச்சு. நாளைக்கு அந்த ஆளு கையில என்ன குடுத்தனுப்புறாகளோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு யோகேஸ்வரன் வந்தார். ஆறடி உயரம், நரைத்த மீசை, தோளில் ஒரு பெட்டி. சாயல்குடிப் பக்கத்துக்காரர். இரண்டு நாளைக்கு முன்புதான் ஊருக்கு வந்திருந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் அது கிடந்த திசையைப் பார்த்தார். ஷோகேஸ் மேலே இருந்த கேமராவின் கழுத்துக் கட்டைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ செய்துகொண்டார். சிரிப்பா, கோபமா, தெரியவில்லை.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சோப்பு, தைலம், பேரீச்சம்பழம். அடியில் ஒரு கனமான அட்டைப் பெட்டி. அம்மாவைப் பார்த்து, "இது ஒங்களுக்குன்னு தனியாச் சொல்லிக் குடுத்தாரு. கிரைண்டரு" என்றார்.

அம்மா அட்டைப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கிரைண்டரைப் பற்றி அவரிடம் நேரில் ஒருநாளும் கேட்டதில்லையே! நைட்டி அட்டையைப் பார்த்த கோபத்தில் கிரைண்டர் அனுப்புகிற புருஷனும் உலகத்தில் உண்டா? அதுவும் அட்டையைக் காட்டியது நேற்று, இவர் கிளம்பியது வெள்ளிக்கிழமை.

கணக்கு உதைத்தது. ஆனால் சுஹா கணக்குப் போடுகிற நிலையில் இல்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டி, "தண்ணி குடிங்க மாமா" என்றாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணை, ரொம்ப நாள் பழகியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீதான் சுஹாவா தாயி?"

அந்தக் கனிவில் சுஹா உடைந்துவிட்டாள். "நாந்தான் மாமா ஒடச்சேன். ஒட்டடையெல்லாம் அடிக்கல. துணியப் போட்டு மூடிட்டு அத்தா மாதிரி, மாமி மாதிரியெல்லாம் பேசிக் காட்டுனேன். அத்தாவ அவமானப்படுத்தணும்னு இல்ல மாமா. எனக்கு அதுதான் வருது. அதத்தான், நாடகம் நடிப்புன்னு, படிக்கணும்னு மதுரைக்குக் கேட்டேன். கையெழுத்துப் போடலேன்னா நேரா சொல்லிருங்க, நான் தாங்கிக்கிருவேன்."

தாங்கிக்கொள்கிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை. மூக்கு சிவந்து போயிருந்தது.

யோகேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து பாரத்தை எடுத்து நீட்டினார். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பத்திரமாக வைத்திருந்தார். சுஹா பிரித்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில், ஹாஜா முகைதீன். தெளிவாக, முழுப் பெயர், தேதியோடு. அதற்குக் கீழே ஓரத்தில், மார்ஜினில், இடமே இல்லாத இடத்தில் எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் இன்னும் எட்டுக் கையெழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. அம்மாவும் கவிப்ரியாவும் இரண்டு தோள் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் யாரு மாமா?"

"எல்லாம் நம்ம ரூம் ஆளுகதான் தாயி. ஒங்கத்தா கேமராவுல சத்தம் வராதுன்னு ஒங்கள்ட்டச் சும்மா சொல்லி வச்சுட்டாரு, நீ துணியப் போட்டு மூடுனாலும் அங்கன கணீர்னு கேக்கும். வியாழக்கிழமை எங்களுக்கு மத்தியானமே டூட்டி முடிஞ்சிரும், அதயும் அவரு சொல்லல. ஒம்பது பேரும் சேந்து கையெழுத்துப் போட்டுட்டோம், ஆனா நீ மதுரைக்குப் போயிட்டா வியாழக்கிழமை சாயந்தரம் எங்களுக்கு யாரும்மா பேசிக் காட்டுவா?"